முப்பத்தைந்து கிலோ குறைந்த பிறகு

மார்ச் 5, புதன்

விடியும்போதே புழுக்கம். கடல் காற்று இல்லை. லாரிப் புகை மட்டும்.

எந்த வருஷம் என்று பிறகு குழம்பக் கூடாது. புயல் வெள்ளத்தில் எண்ணூர் கழிமுகமெங்கும் எண்ணெய் மிதந்ததே, வலையும் படகும் கொக்கும் ஒரே கறுப்பாக, அந்த வாரம்தான் எங்கள் துறைமுக மேஸ்திரி மரியதாஸ் செத்தான். மறு வருஷம் ஐப்பசி மழையில் கூட மூட்டை தூக்கிய லூர்து. அதற்கும் மறு வருஷம் இது. தவக்காலம் இன்று தொடக்கம்.

எனக்கு எண் தெரியும், எழுத்து தெரியாது. மகள் ஸ்டெல்லா போனில் மைக் படத்தைக் காட்டிக் கொடுத்தாள். அழுத்திப் பேசினால் அதுவே எழுதிக்கொள்கிறது. தின்றதையும் நடந்ததையும் தினமும் சொல்லி வைக்கச் சொன்னது சர்க்கரை டாக்டர். அது போனில் பச்சைக் கட்டம், ஸ்டெல்லா பார்ப்பாள். இது மஞ்சள் கட்டம். யாருக்கும் காட்டுவதில்லை. என்னாலும் திருப்பிப் படிக்க முடியாது. அதுவும் நல்லதுதான்.

இன்று: காலை இட்லி 3. பதினோரு மணிக்கு சர்க்கரை இல்லாத டீ. மதியம் ஒருசந்தி நோன்பு, மோர் மட்டும். ராத்திரிக்குக் கோதுமைக் கஞ்சி. நடை காசிமேடு கேட் வரை, திரும்ப. மாடி நான்கு தடவை.

கோயிலில் நெற்றியில் சாம்பல் வாங்கித் திரும்பினால் பின்னால் பிலோமினா. ஜெபக் கூட்டத்துக்காரி.

"சவரி அண்ணே, ஒடம்பு இன்னா இப்டி உருகிப் பூட்டுது? ஆஸ்பத்திரில இன்னா சொல்றாங்க?"

"சோத்தக் கொறச்சிக்கீறேன்மா. அவ்ளோதான்."

"எல்லாரும் மொதல்ல அப்டிதான் சொல்றாங்க. பேரு எழுதிக்கட்டுமா?"

எழுதிக்கொண்டாள். நோயாளிகள் வரிசையில்.

மார்ச் 7, வெள்ளி

எடை நாள். மீன் ஏலக் கூடத்தில் மீன் நிறுக்கிற தேவகியின் பிளேட் மெஷின். ஈரம் துடைத்து, செருப்பைக் கழற்றி ஏறினேன்.

"சீக்கிரம் எறங்கு நைனா. வஞ்சிரம் காத்துகினு கீது."

சிவப்பு எண் ஓடி நின்றது. 86.2.

"மொத தபா ஏறினப்ப என் மெஷினே ஒரு பக்கம் சாஞ்சிது. இப்ப நெத்திலி மாறி வந்து நிக்கிற. இன்னா மருந்து சாப்புடற, எனக்கும் சொல்லு."

மரியதாஸ் செத்த வாரம் 121. பதினைந்து மாதத்தில் 35 போயிருக்கிறது. மருந்து ஒன்றும் இல்லை. டாக்டர் சொன்னது ஒன்றே ஒன்று: "பெரியவரே, ஒரேயடியா எதையும் விடாதீங்க. ஒண்ண விடுங்க. அது பழகினப்புறம் அடுத்தது." அப்படியே செய்தேன். முதல் மாதம் டீயில் சர்க்கரை. வேறு எதையும் தொடவில்லை. அடுத்து நாலு மணி போண்டா. அது போக ஆறு வாரம் ஆயிற்று, கடை வாசல் வழியாகப் போகாமல் சுற்றிப் போனேன். ராத்திரிச் சோறு சப்பாத்தியாகி, சப்பாத்தி கஞ்சியாயிற்று. வறுத்த மீன் போய் குழம்பு மீன். சனிக்கிழமை குவார்ட்டர் பாதியாகி, கால் ஆகி, தானாக நின்றது. நடையும் அப்படித்தான். முதலில் தெருமுனை அடிபம்பு வரை. அங்கேயே உட்கார்ந்து மூச்சு வாங்கினேன். பிறகு டிரான்ஸ்பார்மர். பிறகு ரயில்வே கேட். காசிமேடு போய்ச் சேர ஏழு மாதம்.

சர்க்கரைக்காக என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். சர்க்கரை எனக்கு இருபது வருஷமாக இருக்கிறது. அதற்காகவா குறைப்பேன்.

மார்ச் 8, சனி

எங்கள் மாடிப்படித் திருப்பத்தில் சுவர் பெயர்ந்த இடம் அப்படியே இருக்கிறது. கீழே இறங்கும்போதெல்லாம் அங்கே நின்று வயிற்றுக்கும் கைப்பிடிக்கும் நடுவே விரல் வைத்துப் பார்ப்பது. முன்பு ஒரு விரலும் போகாது. இன்று நான்கு விரல் தாராளம்.

சொல்லிவிடுகிறேன். மஞ்சள் கட்டம்தானே.

துறைமுகத்தில் நாங்கள் பதினாலு பேர் ஒரு கேங்கு. கோதுமை, உரம், சர்க்கரை, எந்த மூட்டை வந்தாலும் அதே பதினாலு முதுகு. எங்கள் முனுசாமி கப்பல் அறைக்குள் விழுந்து செத்தபோது ஸ்ட்ரெச்சருக்குக் காத்திராமல் நாங்களே தூக்கி வீட்டில் கொண்டுபோய்ச் சேர்த்தோம். அன்றிலிருந்து வழக்கம். கேங்கு ஆள் போனால் வீட்டிலிருந்து தெரு வரை கேங்குதான் தூக்கும். பெற்ற மகனும் தொடக் கூடாது. இந்து, கிறிஸ்தவன், பாய் பேதமில்லை. தெருவுக்கு வந்த பிறகு யார் வேண்டுமானாலும் தோள் கொடுக்கலாம்.

மரியதாஸ் என் எதிர்வீடு, மூன்றாம் மாடி. அவன் போனபோது கேங்கில் மிச்சம் ஆறு பேர். கீழே முழங்கால் தண்ணீர். கரண்ட் இல்லை. நான்தான் கணக்குப் போட்டேன். பெட்டியோடு மூன்று மூட்டை எடை, ஆளுக்கு அரை மூட்டை, பூ மாதிரி இறக்கிவிடலாம் என்று. அது சமதரைக் கணக்கு. மாடிப்படியில் பாரம் பூராவும் கீழே பிடிக்கிற இரண்டு பேர் மேல்தான் சாயும். ஏணியில் மூட்டை இறக்கிய எனக்கு அது தெரியாதா. தெரியும். ஆறு பேருக்கும் எழுபது தாண்டியது மட்டும் நினைவில்லை.

கீழ் முனையில் நானும் லூர்துவும். நான் சுவர்ப் பக்கம், அவன் கைப்பிடிப் பக்கம். திருப்பத்தில் பெட்டியைத் திருப்பும்போது சுவருக்கும் பெட்டிக்கும் நடுவே என் வயிறு சிக்கியது. மூச்சு அடைத்தது. இரண்டு கையையும் விட்டுவிட்டேன்.

லூர்து ஒற்றை ஆளாகத் தாங்கிப் பார்த்தான். தோள்பட்டை கழன்றது. பெட்டியின் கால்பக்கம் சுவரைப் பெயர்த்துப் படியில் இடித்து மூடி நகர்ந்தது. உள்ளே மரியதாஸ் சரிகிற சத்தம். அவன் பெண்டாட்டி மேலே நின்று அதைக் கேட்டாள்.

இருட்டில் எல்லோரும் பார்த்தது பெட்டிக்கடியில் உட்கார்ந்திருந்த லூர்துவை. "உட்டுட்டியேடா லூர்து" என்று யாரோ சொன்னார்கள். "தோளு பூட்ச்சுப்பா, தோளு பூட்ச்சு" என்று அவனும் சொன்னான். நான் சுவரோடு சுவராக நின்றேன். வாய் திறக்கவில்லை. மரியதாஸின் சொந்தக்காரப் பையன்கள் வந்து பெட்டியை வாங்கி இறக்கினார்கள். வீட்டிலிருந்து கேங்கு ஆளை வெளி ஆள் இறக்கியது அதுதான் முதல் தடவை.

லூர்து அதற்குப் பிறகு எந்தச் சாவுக்கும் வரவில்லை. ஐப்பசியில் அவன் போனபோது காத்திவாக்கத்துக்கு ஓடினோம். பெண்டாட்டி ஆரோக்கியமேரி வாசலில் நிறுத்தினாள். "கேங்கு தொட வோணாம்னு சொல்ட்டுப் பூட்டாரு. அவுருக்கு அந்த ரைட்டு இல்லியாம்." வாடகை வேனில் போனான்.

தொப்பைதானே சிக்கியது. தொப்பை போகட்டும். அப்புறம் சொல்லலாம் என்று வைத்திருந்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

பூசை முடிந்து எம்.கே.பி. நகர். பாஷா பாய் வீடு. திருவொற்றியூரிலிருந்து காசிநாதனும் வந்திருந்தான். லூர்துவுக்குப் பின்னால் யேசுதாஸ், கோதண்டம் என்று போய், இப்போது கேங்கு என்றால் நாங்கள் மூன்று பேர்.

பாய்க்கு வாரம் மூன்று நாள் ரத்தம் சுத்தம் செய்கிறார்கள். நோன்பு மாதம், அவரால் வைக்க முடியவில்லை என்று வருத்தம். கட்டிலில் ஒரு போர்வை கிடப்பது போலக் கிடந்தார்.

"பாரு காசி, ஒத்தன் வேணும்னு எளச்சிக்கீறான். நான் வேணான்னு சொல்லச் சொல்ல எளச்சிக்கீறேன்."

காசி: "ரெண்டு பேரும் சேந்து ஒரு மூட்ட தேற மாட்டீங்க. எனக்குத் தூக்க ஈஸி. ஆனா என்ன யாரு தூக்கறது? அத்தச் சொல்லுங்கடா."

சிரித்தோம். பாய்க்குச் சிரிப்பு இருமலாகி வெகுநேரம் நிற்கவில்லை.

பேச்சு எப்படியோ லூர்துவிடம் வந்தது. பாய் கண்ணை மூடியபடி சொன்னார்: "நல்ல மன்ஷன். கைல தெம்பு இல்லன்னா மேல நின்னுருக்கலாம். பெருமைக்குக் கீழ நின்னு மேஸ்திரியக் கவுத்துட்டான்."

இங்கே சொல்லியிருக்க வேண்டும். வாயும் திறந்தேன். காசி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பாயின் மருமகள் பேரீச்சம்பழத் தட்டு கொண்டுவந்தாள். ஒன்றே ஒன்று எடுத்துக்கொண்டேன். 85 ஆகட்டும், வந்து சொல்கிறேன் என்று மனதுக்குள். முதலில் 100 என்று வைத்திருந்தேன். பிறகு 90.

பேரீச்சம்பழம் 1. பச்சைக் கட்டத்தில் சொல்லவில்லை.

மார்ச் 12, புதன்

தூறல். நடை பாதியில் திரும்பினேன். காலை கேப்பைக் கூழ், வெங்காயம். மதியம் சோறு ஒரு கரண்டி, கானாங்கெளுத்திக் குழம்பு, அவரை.

ஸ்டெல்லா என் பழைய பேண்ட்டுகளை டைலரிடம் கொடுத்துப் பிடித்து வாங்கி வந்தாள். வெட்டிய துணியே ஒரு கை அகலம். கண் கலங்கினாள். சந்தோஷம் அவளுக்கு. அம்மா இருந்திருந்தால் பார்த்திருப்பாள் என்றாள்.

"போதும் நைனா. டாக்டரே போதும்னு சொல்ட்டாரு. அப்பால கன்னம் ஒட்டிப் போயி எல்லாரும் என்னியக் கேக்கறாங்க, அப்பனுக்குச் சோறு போடறியா இல்லியான்னு."

"இன்னும் ஒரு கிலோ."

"அந்த ஒரு கிலோல இன்னா கீது?"

குளிக்கப் போனேன். குளிக்கும்போது வயிற்றுத் தோலைக் கையில் பிடித்துப் பார்த்தேன். காலி கோணி மாதிரி மடிகிறது. உள்ளே இருந்தது எல்லாம் போய்விட்டது, பை மட்டும் மிச்சம்.

மார்ச் 14, வெள்ளி

காலை ஆறரை. தேவகி மெஷின். 84.8.

அவள் ஐஸ் உடைப்பவர்களிடம் கத்திச் சொன்னாள், அவர்கள் கை தட்டினார்கள். அங்கிருந்தே பஸ் ஏறிவிடலாம், பாயிடம் இன்று சொல்லிவிடலாம் என்று செருப்பை மாட்டினேன். போன் அடித்தது. பாயின் மகன் சலீம்.

"நைனா, அத்தா மவுத்தாயிட்டாரு. விடியகால சஹர் சாப்பாட்டுக்கு நாங்க எய்ந்து, அத்தாவ எய்ப்பினோம். எய்ந்திரிக்கல."

போனேன். காசி எனக்கு முன்னால் வந்து வாசலில் உட்கார்ந்திருந்தான். பாயைக் குளிப்பாட்டும்போது எங்களையும் உள்ளே விட்டார்கள். தோல் எல்லாம் மடிப்பு மடிப்பாக, என்னுடையது போலவே. பார்க்க முடியவில்லை, பார்த்தேன்.

பள்ளிவாசலிலிருந்து சந்தூக்கு வந்தது. அவர்கள் வழக்கத்தில் மேல் மூடி திறந்த பெட்டி அது. தூக்க நாற்பது கை நீண்டது. சலீம் எல்லோரையும் ஒதுக்கினான். "தெரு வரைக்கும் கேங்குதான். அத்தா சொல்லிக்கீறாரு." ஒரு பெரியவர் முனகினார். சலீம் அசையவில்லை. நாங்கள் இரண்டே பேர் என்பதால் மேல் முனைக்கு அவன் தம்பிகள் இரண்டு பேர் மட்டும்.

கீழ் முனையில் நான் சுவர்ப் பக்கம். கேட்டு வாங்கிக்கொண்டேன். இரண்டு மாடி, இரண்டு திருப்பம். முதல் திருப்பத்தில் மூச்சை இழுத்துப் பிடித்தேன். தேவையே இல்லை. சுவர் என்னைத் தொடவில்லை. இரண்டாவதிலும் தொடவில்லை. தெருவில் இறங்கி ஆண்பிள்ளைகள் தோளுக்கு மாற்றிவிட்டு நின்றேன்.

இதற்காகத்தான் பதினைந்து மாதம். ஏதாவது தோன்றும் என்று நின்றேன். ஒன்றும் தோன்றவில்லை. பாயை ஒரு சின்னப் பிள்ளைகூடத் தூக்கிக்கொண்டு இறங்கியிருக்கும். அவ்வளவு லேசு.

அவரிடம் சொல்லவில்லை. லூர்து கவிழ்த்தான் என்று நினைத்துக்கொண்டே போய்விட்டார்.

தின்றது எதுவும் இல்லை.

மார்ச் 15, சனி

நேற்று விட்டுப்போனது. அடக்கம் முடிந்து திரும்பும்போது காசி டீக்கடையில் நிறுத்தினான். இரண்டு டீ சொன்னான். எனக்கு சர்க்கரை இல்லாமல் என்றான் கடைக்காரனிடம். பிறகு ரோட்டைப் பார்த்தபடி:

"இன்னிக்கி நல்லாப் புட்ச்ச."

"ம்."

"அன்னிக்கித்தான் உட்டுட்ட."

நான் அவன் பக்கம் திரும்பினேன். அவன் குரலை உயர்த்தவில்லை.

"நான் மேல் முனைல ஒனக்கு நேரா நின்னுகினு இருந்தேன் சவரி. லூர்து கை பொட்டில இருந்துச்சு. ஒன் கை ரெண்டும் செவுத்துல இருந்துச்சு. செல்லு வெளிச்சத்துல பாத்தேன்."

"ஏண்டா சொல்லல?"

"நீ சொல்லுவேன்னு பாத்தேன். காரியம் முடியட்டும்னு பாத்தேன். அப்பால பொங்கல் வந்துச்சு. அப்பால நீ சோத்தக் கொறச்சே, நடக்க ஆரமிச்சே. சரி, தயாராவுறான், சொல்லிடுவான்னு நெனச்சேன். நீ பாட்டுக்கு எளச்சிகினே போற. லூர்து பூட்டான்."

"நீயாவது அவன்கிட்ட சொல்லியிருக்கலாம்ல."

"சொல்லிக்கலாம்." கிளாசைக் கீழே வைத்தான். "நானும் கய்த மாறி நின்னேன். அது என் பாரம். ஒன்னுது ஒன்கிட்ட கீது. போயி ஆரோக்கியமேரியப் பாரு."

ஒரேயடியாக எதையும் செய்யாதே என்று டாக்டர் சொன்னது சோற்றுக்கு. நான் எல்லாவற்றுக்கும் அதையே பிடித்துக்கொண்டேன். ஒரு கிலோ, ஒரு கிலோவாக.

மார்ச் 16, ஞாயிறு

போகவில்லை. பூசை. பிலோமினா ஜெபத்தில் என் பெயரைச் சத்தமாகப் படித்தாள். காலை இடியாப்பம் 2. மதியம் நினைவில்லை.

மார்ச் 17, திங்கள்

போகவில்லை. முழங்கால் வலி என்று ஸ்டெல்லாவிடம் சொன்னேன். முழங்காலில் வலி இல்லை.

மார்ச் 18, செவ்வாய்

வெயில். ஒன்பது மணிக்குக் காத்திவாக்கம் பஸ். கண்டெய்னர் லாரிகள் வழி நெடுக. ஒன்றரை மணி நேரம். இரண்டு தடவை இறங்கிவிடலாம் என்று எழுந்தேன். உட்கார்ந்தேன்.

ஆரோக்கியமேரி வாசலில் இறால் உரித்துக்கொண்டிருந்தாள். அன்னக்கூடையில் பாதி. முதலில் அடையாளம் தெரியவில்லை அவளுக்கு.

"யாரு? அட, சவரி அண்ணனா? இன்னாண்ணே, நோவா?"

"நோவு இல்லமா."

"பின்ன இன்னாத்துக்கு இப்டிப் பூட்ட?"

அங்கேயே தரையில் உட்கார்ந்தேன். முன்பென்றால் தரையில் உட்கார்ந்தால் எழ இரண்டு ஆள் வேண்டும். சொன்னேன். வயிறு சிக்கியது, கையை விட்டது, வாயை மூடிக்கொண்டது, லூர்து கழன்ற தோளோடு படி இறங்கியதைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒன்று விடாமல், ஒரே மூச்சில்.

அவள் கை நிற்கவில்லை. இறாலைத் தலை கிள்ளி, ஓடு நீக்கி, நரம்பை இழுத்து, சட்டியில் போட்டாள். பத்து, பன்னிரண்டு போட்டிருப்பாள்.

"எங்கிட்ட இன்னாத்துக்குச் சொல்ற?"

"ஒங்கிட்டதானமா சொல்லணும்."

"நான் எப்பனா கேட்டனா? அவுரு உட்டாரா, நீ உட்டியான்னு எனுக்கு இன்னா வந்துச்சு? எனுக்கு எம் புருசன்." ஓட்டைத் தூர எறிந்தாள். காகம் வந்தது. "பத்து மாசம் இந்தச் செவுத்தப் பாத்துகினு ஒக்காந்திருந்தாரு. யாரு சாவுக்கும் போவல. கேங்கு மூஞ்சில எப்டி முய்ப்பேன்றாரு. கடசில வேன்ல ஏத்தினேன். பேரு தெரியாத பசங்க நாலு பேரு. ஒத்தன் காதுல பாட்டு மாட்டிகினே தூக்கினான்."

என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"தப்பு செஞ்சேன், மன்னிச்சிடுன்னு வந்துக்கீற. ஒடம்ப வேற இப்டி ஆக்கிகினு. எனுக்கு வோணாம்ணே. எங்க அந்த மன்ஷன் தல குனிஞ்சாரோ அங்கப் போயிச் சொல்லு. கேங்க நிக்கவெச்சி அவங்க முன்னாடி சொல்லு. லூர்து உடல, நான்தான் உட்டேன்னு. அத்தினி பேரும் கேக்கட்டும். அப்பால வா. நான் கேக்கறேன்."

எழுந்து உள்ளே போய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். குடித்தேன். திரும்ப உட்கார்ந்து இறாலை எடுத்தாள்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் ஓரம். கேங்கை நிற்க வைத்துப் பார்த்தேன். கப்பல் ஏணியில் ஏறுகிற வரிசையிலேயே. எனக்கு அது மறக்காது. முதலில் மேஸ்திரி மரியதாஸ், இல்லை. முனுசாமி, கப்பல் அறையில். பெரிய அந்தோணி, நெஞ்சு வலி, வேலை நேரத்திலேயே. சின்ன அந்தோணி, அவனுக்கு அடுத்த வருஷம், குடி. தங்கராஜ், ரயில். எத்திராஜ், சுனாமியில் போன வலையை எடுக்கப் போய் வரவில்லை. கரீம் பாய், மஞ்சள் காமாலை. வீராசாமி, கொரோனா, முகம்கூடப் பார்க்கவிடவில்லை. யேசுதாஸ், தூக்கத்தில். கோதண்டம், பாத்ரூமில் விழுந்து. லூர்து. பாஷா பாய், நான்கு நாள் முன்னால், பத்து மணி நேரம் பிந்திப் போயிருந்தால் கேட்டிருப்பார். பதிமூன்றாவது நான்.

பதினாலாவது காசிநாதன். திருவொற்றியூர். அவனுக்கு ஏற்கெனவே தெரியும். அவன் ஒருவன்தான் இருக்கிறான்.